பூம்புகார் சங்கமத்தில் கடலாடுதல்: பட்டினப்பாலை முதல் ஆடி அமாவாசை வரை

காவிரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். பக்கத்து இழையில் ஒரு நண்பர், ஊர்கூடிக் கடலில் குளிப்பது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வழக்கம் என்று எழுதியிருந்தார். இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரசல் என்ற மருத்துவர் 1750இல் கடல்நீரின் மருத்துவக் குணம் பற்றிப் புத்தகம் எழுதியதும், அதன் பிறகு பிரைட்டன் என்ற மீன்பிடி ஊர் பணக்காரர்களின் குளியல் ஊராக மாறியதும் உண்மை. ஆனால் அது அந்த ஊர்க் கதை. நம் கரைக்கு வேறு கதை இருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதைப் பேசத்தான் இந்த இழை.

நான் எடுத்துக்கொள்ளும் ஊர் காவிரிப்பூம்பட்டினம், இன்றைய பூம்புகார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய சங்ககால நூலான பட்டினப்பாலையில் இந்தக் கடற்கரையின் ஒரு முழு நாள் வருகிறது. அன்று பௌர்ணமி. பரதவர்கள், அதாவது மீனவர்கள், கடலுக்குப் போகவில்லை. சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றிக் கும்பிடுகிறார்கள். தாழம்பூ சூடுகிறார்கள், பனங்கள் குடிக்கிறார்கள், உண்டு ஆடுகிறார்கள். அப்புறம் பெண்களோடு காவிரி கடலில் கலக்கும் இடத்துக்கு வருகிறார்கள். "தீது நீங்கக் கடலாடியும், மாசு போகப் புனல்படிந்தும்" என்கிறார் புலவர். முதலில் கடல். பிறகு மேலில் ஒட்டிய உப்புப் போக ஆற்றுத் தண்ணீர். அதோடு கரையேறிவிடவும் இல்லை. நண்டைத் துரத்துகிறார்கள், அலையில் விழுந்து புரள்கிறார்கள், ஈர மணலில் பாவை செய்கிறார்கள். பகல் முழுக்க இதே விளையாட்டுதான்.

பாட்டில் குளிப்பவர்கள் அரசரும் இல்லை, வணிகரும் இல்லை. அந்தக் கரையின் மீனவக் குடும்பங்கள். அவர்கள் இறங்கிய இடம், இன்றும் ஆடி அமாவாசைக்கு ஜனம் இறங்குகிற அதே சங்கமத்துறை. பாவம் போகக் குளித்ததும் சந்தோஷத்துக்குக் குளித்ததும் அங்கே ஒரே குளியலாக இருந்திருக்கிறது. இன்று அப்படி இல்லை. அமாவாசைக்கு வருகிறவர் தர்ப்பணம் முடித்து அவசரமாக முழுகிவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வருகிறவர் விளையாடிவிட்டுப் போகிறார். இருவருக்கும் சம்பந்தமே இல்லை. இது எப்போது பிரிந்தது? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

துலாக்கட்டம்:

நல்ல இழை. நான் மயிலாடுதுறைக்காரன். எங்கள் ஊரில் ஐப்பசி மாதம் முழுக்கத் துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுகம், கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. எல்லாமே ஆற்றுக் குளியல். கடலுக்குப் போவது ஆடி, தை அமாவாசைகளில்தான். அமாவாசை, பௌர்ணமி போன்ற பர்வ நாள் தவிர மற்ற நாளில் கடலைத் தொடக்கூடாது, ராமேஸ்வரம் சேதுவில் மட்டும் எந்த நாளும் குளிக்கலாம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே விளையாட்டுக்குக் கடலில் இறங்குவது நம் மரபு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒரு பாட்டை வைத்து அவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா?

தமிழாசிரியை:

ஒரு பாட்டு மட்டும் இல்லை ஐயா. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்று ஒரு காதையே இருக்கிறது. சித்திரையில் தொடங்கி 28 நாள் நடந்த இந்திர விழா முடிகிறது. முழுநிலா நாளில் ஊரே கடற்கரைக்குக் கிளம்புகிறது. மாதவிக்கும் அந்தக் கடல் விளையாட்டைப் பார்க்க ஆசை. கோவலன் கோவேறு கழுதையில் ஏறுகிறான், அவள் வண்டியில் ஏறுகிறாள். இளங்கோவடிகளே அதைக் கடல் விளையாட்டு என்றுதான் சொல்கிறார். விரதம், நோன்பு என்ற பேச்சே இல்லை.

இந்தக் காதையைப் பாடம் நடத்தும்போது நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது விளக்குகள் வரும் இடத்துக்குத்தான். இருட்டில் கடற்கரையில் எத்தனை விதமான விளக்கு தெரிகிறது என்று வரிசையாகச் சொல்கிறார். சாந்தும் பூவும் சுண்ணமும் விற்பவர்களின் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, குடம் போன்ற தண்டின் மேல் வைத்த அகலோடு அப்பம் சுடுகிறவர் விளக்கு, கள் விற்கும் பெண்ணின் கடை விளக்கு, நடுநடுவே மீன் விற்பவர் விளக்கு, கலங்கரை விளக்கம், கடலில் திமில் என்ற மீன்பிடி படகில் நிற்கும் பரதவரின் விளக்கு, வேற்று மொழிக்காரர்கள் வீட்டில் அணையாமல் எரியும் விளக்கு, பண்டகசாலைக் காவலர் விளக்கு. மணலில் வெண்கடுகைச் சிந்தினால் அதைக்கூடப் பொறுக்கிவிடலாம், அவ்வளவு வெளிச்சமாம். ராத்திரி கடற்கரையில் பலகாரக் கடை போட்டு வியாபாரம் நடக்க வேண்டுமென்றால் எவ்வளவு ஜனம் வந்திருக்க வேண்டும்! மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றபடி நிற்கிற கூட்டம் நமக்குப் புதிதே இல்லை.

துலாக்கட்டம்:

அந்தக் காதையில் கோவலனும் மாதவியும் தண்ணீரில் இறங்குகிறார்களா? நான் படித்த வரை இறங்கவில்லை. தாழம்புதர் வேலிக்குள்ளே, புன்னை மர நிழலில், சித்திரத் திரை கட்டி, மேலே விதானம் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து யாழ் வாசிக்கிறார்கள். குளிப்பது மற்றவர்கள். இவர்கள் பார்வையாளர்கள்.

தமிழாசிரியை:

சரியாகச் சொன்னீர்கள். அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தாழை வேலி மீன் நாற்றத்தைத் தடுத்தது என்று இளங்கோ குறிப்பாகச் சொல்கிறார். பட்டினப்பாலையில் கடலாடுகிறவர்கள் யாரோ, அவர்களுடைய வாசம் படாத இடமாகப் பார்த்து வணிகர் வீட்டுப் பிள்ளை திரை கட்டிக்கொள்கிறான். காவிரிக்கரையான் கேட்ட பிரிவு விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் நடுவில் வருவதற்கு முன்பே, கரையில் உட்காருகிறவர்களுக்கும் தண்ணீரில் கிடப்பவர்களுக்கும் நடுவில் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாசிமகம்:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் புதுச்சேரி. கடலாட்டும் வழிபாடும் கொண்டாட்டமும் பிரியவே இல்லை என்பதற்கு எங்கள் ஊர் சாட்சி. மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்துக்கு வந்து பாருங்கள். சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து கடற்கரையில் வரிசையாக நிற்கும். சாமி தீர்த்தமாடியதும் ஜனம் இறங்கும். குழந்தைகளுக்கு அது திருவிழா, பெரியவர்களுக்குப் புண்ணியம்.

இதுவும் பழையதுதான். மயிலாப்பூரில் பூம்பாவையை அழைத்துப் பாடிய பதிகத்தில் சம்பந்தர் மாதாமாத விழாவைச் சொல்லிக்கொண்டே வருகிறார். அதில் மாசிக் கடலாட்டும் உண்டு. இந்த விழாக்களையெல்லாம் பார்க்காமலே போகிறாயா பூம்பாவாய் என்று கேட்கிறார். 7ஆம் நூற்றாண்டு. செத்துப்போன ஒரு பெண்ணை எழுப்ப அவர் சொல்லிக்காட்டும் சந்தோஷங்களில் கடலாட்டும் ஒன்று! அது வெறும் சடங்காக இருந்திருந்தால் அந்த இடத்தில் வந்திருக்குமா?

காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் இன்னும் அழகு. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்துக்கு அங்கே கடலாட வருவார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று கொண்டாடி எதிர்கொள்வார்கள், தோளில் சுமப்பார்கள். மீனவர் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் என்பதால் அந்த உரிமை. இங்கே யாரும் தாழை வேலி கட்டுவதில்லை அம்மா.

காவிரிக்கரையான்:

மாசிமகம், சம்பந்தர் பதிகத்தை நீங்கள் கொண்டுவந்தது பெரிய உதவி. சம்பந்தர் சீர்காழிக்காரர். பூம்புகாரிலேயே பல்லவனீச்சரம் கோயிலையும் பக்கத்தில் சாயாவனம் கோயிலையும் பாடியவர். இந்தக் கரையின் வழக்கம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

புகாரின் தொடர்ச்சி ஏன் நமக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதற்கு மணிமேகலை ஒரு பதில் வைத்திருக்கிறது. மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளி இந்திர விழாவை மறந்தான், அதனால் ஊரைக் கடல் கொண்டது என்கிறது. அதை வரலாறாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் ஊர்கூடிக் கடலுக்குப் போகிற விழா நின்றால் கடல் ஊருக்குள் வரும் என்று ஒரு காலத்து ஜனம் நம்பியிருக்கிறது. கடலாட்டை அவர்கள் எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தால் அப்படி ஒரு கதை பிறக்கும்!

கரை மாறியது என்னவோ நிஜம். 1962-63 வாக்கில் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. படகு கட்டிய மரத்தூண்கள் அதிலேயே நின்றிருந்தன. கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று காலம் கணித்தார்கள். அந்த இடம் இன்று கடலைப் பார்க்கவே முடியாதபடி உள்ளே தள்ளி இருக்கிறது. இன்னொரு பக்கம், தேசியக் கடலியல் நிறுவனம் கரைக்கு வெளியே கடலடியில் கட்டடத் தடயங்களைப் பார்த்திருக்கிறது. ஆறு ஒரு பக்கம் மண்ணைப் போட்டிருக்கிறது, கடல் ஒரு பக்கம் தின்றிருக்கிறது. ஆகவே நான் மேலே "அதே சங்கமத்துறை" என்றது அதே மணல் என்ற அர்த்தத்தில் இல்லை. காவிரி எங்கே கலக்கிறதோ அங்கேதான் ஜனம் இறங்குகிறது, அந்த அர்த்தத்தில்.

விழா திரும்ப வந்த கதையும் உண்டு. 1973இல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுநிலை மாடமாக எழும்பியது. சித்திரைப் பௌர்ணமிக்கு அரசு விழா எடுத்தார்கள். பேச்சும் நாட்டியமும் வந்தன. ஆனால் ஜனத்தைக் கடலுக்கு அழைத்தது அந்த விழா இல்லை, அமாவாசைகள்தான்.

கட்டுமரம்:

நான் பூம்புகாருக்குப் பக்கத்து மீனவக் கிராமம். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்டன்மார் பாட்டில் இருக்கிறார்கள் என்று கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. பௌர்ணமிக்குத் தொழிலுக்குப் போகாமல் சாமி கும்பிட்டார்கள் என்பதைப் படித்ததும் எங்கள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வேறென்ன செய்வான்?" என்றார்.

கடலில் குளிப்பது பற்றி எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இது வரலாறு இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். முகத்துவாரம் விளையாடுகிற இடமே இல்லை. ஆறு கலக்குமிடத்தில் தரை ஒரே மட்டமாக இருக்காது. நேற்று முழங்கால் அளவு இருந்த இடத்தில் இன்று ஆள் அமிழும் பள்ளம் விழுந்திருக்கும். கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் ஒரே இழுப்பாக வெளியே போகும். வெளியூர்க்காரர்கள் ஒரு தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஓரிடம் மட்டும் அலை இல்லாமல் கலங்கலாக, தட்டையாகத் தெரியும். அங்கேதான் பத்திரம் என்று பிள்ளையை இறக்குவார்கள். அலையோடு கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பி ஓடுகிற வாய்க்கால் அதுதான். கரை தெரிகிறதே என்று நேராக நீந்தினால் கை ஓய்ந்துவிடும், தண்ணீர் விடாது. பதறாமல் கரைக்குப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்துவிட்டால் அலையே தள்ளிக் கரையில் போடும். எங்கள் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே இதைச் சொல்லிவிடுவோம்.

அமாவாசைக் கூட்டத்தில் எங்கள் பையன்கள் கயிறு பிடித்து நிற்பார்கள். யாரும் கூலி கேட்டு நிற்பதில்லை.

சீர்காழிப் பெண்:

கட்டுமரம் அண்ணன் சொன்னது அத்தனையும் அச்சில் ஏற்றிப் பேருந்து நிலையத்தில் ஒட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மாச்சியோடு தை அமாவாசைக்குப் போவோம். அவர் நின்று குளிக்கவே மாட்டார். அலை வந்து தேய்ந்து போகிற விளிம்பில், கடலுக்கு முதுகைக் காட்டாமல் சாய்வாக உட்காருவார். மடியை இறுக்கிச் செருகிக்கொள்வார். அலை வரும்போது ஒரு கையை மணலில் ஊன்றுவார். அது திரும்பும்போது காலுக்கடியில் மணல் கரைந்து ஓடும், அந்த நேரத்தில் எழுந்திருக்கக் கூடாது என்று எங்கள் தோளை அழுத்திப் பிடிப்பார். செம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதுதான் குளியல். அப்படியே எங்கள் மேலும் வாரி இறைப்பார், சிரிப்பார். சடங்கும் விளையாட்டும் பிரிந்துவிட்டது என்று இங்கே எழுதுகிறவர்கள் ஆண்கள் கரையை மட்டும் பார்த்திருப்பார்கள் போல. பெண்கள் பக்கம் இரண்டும் ஒன்றாகத்தான் நடக்கிறது.

ஆனால் அதற்கப்புறம்தான் கஷ்டம். ஈரப் புடவையில் மணல் ஏறிக் கனக்கும். மாற்றுவதற்கு இடம் இல்லாமல் இரண்டு பேர் புடவையை விரித்துப் பிடிக்க ஒருவர் உள்ளே நின்று மாற்றுவோம். உப்பு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். நல்ல தண்ணீர்க் குழாய் இருந்தாலும் அதன் முன்னால் வரிசை நிற்கும். அதோடு குளித்தவர்கள் பழைய துணியைத் தண்ணீரில் விடுகிறார்கள் இல்லையா, அது காலில் சுற்றினால் கீழே தள்ளிவிடும். தயவுசெய்து விடாதீர்கள்.

காவிரிக்கரையான்:

தங்கச்சி, நீங்கள் சொன்ன உப்பில்தான் எனக்கு இந்த விஷயமே முழுசாகப் புரிகிறது. "மாசு போகப் புனல்படிந்தும்" என்று பாட்டு சொல்லும் இரண்டாம் குளியல் இன்று பூம்புகாரில் இல்லை. எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திருச்செந்தூரில் கடலில் முழுகியவர்கள் நாழிக்கிணற்றுக்குப் போகிறார்கள், கடலுக்கு அவ்வளவு கிட்டத்தில் நல்ல தண்ணீர். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு ஈரத்தோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்குப் போகிறார்கள். முதலில் உப்பு, பிறகு நன்னீர். பட்டினப்பாலை சொல்லும் அதே வரிசை அந்த ஊர்களில் உயிரோடு இருக்கிறது. அதைப் பாட்டாக எழுதி வைத்த ஊரில் மட்டும் அறுந்துவிட்டது.

கடைமடை:

அறுந்ததற்குக் காரணம் ஆறு. நான் விவசாயி, தண்ணீர்க் கணக்கு தெரியும். வெள்ளம் வந்தால் முக்கொம்பிலிருந்தே கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள், அது பழையாறு பக்கம் கடலுக்குப் போகிறது. காவிரி வழியில் கிளை கிளையாகப் பிரிந்து பாசனத்துக்குப் போய், மேலையூர் கடையணைக்கு வரும்போது வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிவிடும். அதைத் தாண்டினால்தான் கடல். மேட்டூர் அணை 1934இல் வந்தது. வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். நேரத்துக்குத் திறந்த வருஷம் ஆடி அமாவாசைக்குச் சங்கமத்தில் புதுத்தண்ணீர் இருக்கும், ஆடிப்பெருக்குக்கும் இருக்கும். தாமதமாகத் திறந்தால் அதுவும் இல்லை. தை அமாவாசை அநேகமாக மூடுகிற சமயத்தை ஒட்டி வரும். அப்போது முகத்துவாரத்தில் நிற்பது கடல் உள்ளே தள்ளிய உப்புத் தண்ணீர்தான். அதில் மாசு எப்படிப் போகும்?

ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கடலுக்குப் போகக் கூடாது, போனால் வீண் என்று பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இது. கடைமடையில் விவசாயம் பண்ணுகிறவன் சொல்கிறேன், கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் இல்லை. ஆற்றுத் தண்ணீர் தள்ளாவிட்டால் உப்பு வயலுக்குள் ஏறும், முகத்துவாரம் மணல் மூடும், மீன் உள்ளே வராது. ஜனத்துக்குக் குளிக்கவும் தண்ணீர் இல்லை.

துலாக்கட்டம்:

கடைமடை அண்ணன் சொல்வது மனதில் தைக்கிறது. பெரியவர்கள் சொன்ன பர்வ நாள் விதியை நான் இன்னும் விடவில்லை, எங்கள் குடும்பத்தில் அதைக் கடைப்பிடிப்போம். ஆனால் அது எங்கள் வீட்டு நியமம். பௌர்ணமிக்குப் பகல் முழுக்க அலையில் கிடந்த பரதவரின் வழக்கம் அதைவிட இளையது என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டுக்கும் அந்தக் கரையில் இடம் இருந்திருக்கிறது.

சீர்காழிப் பெண்:

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவில் பல பேர் கடலுக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். சுனாமி வந்த அன்றும் பௌர்ணமி. அம்மாச்சி மட்டும் அடுத்த ஆடி அமாவாசைக்குப் போயே தீருவேன் என்று நின்றார். போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் அங்கே விடாமல் வேறெங்கே விடுவது என்று கேட்டார். யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

கட்டுமரம்:

அந்த அம்மா சொன்னது சரி. நாங்களும் அப்படித்தான் திரும்ப இறங்கினோம். தொழிலுக்கு இறங்குவதற்கு முன்னால் கும்பிட்டுவிட்டு முழுகினோம். இல்லையென்றால் கால் எடுத்து வைத்திருக்க முடியாது.

தமிழாசிரியை:

இந்த இழை பேச்சோடு நிற்க வேண்டாம் என்று நினைக்கிறேன். கலைக்கூடத்துக்கு மாணவர்களை அழைத்துவரும் பள்ளிகள் எவ்வளவோ. அவர்கள் சிற்பம் பார்த்துவிட்டுக் கடற்கரையில் ஓடுகிறார்கள். அந்த இடத்தில் பட்டினப்பாலையின் அந்தச் சில அடிகளையும், கட்டுமரம் தம்பி சொன்ன நீரோட்ட எச்சரிக்கையையும் ஒரே பலகையில் எழுதி வைத்தால் என்ன? அலை உடையாத இடத்தைப் படமாகவே வரைந்து காட்டலாம். வாசகம் எழுதித் தர நான் தயார்.

காவிரிக்கரையான்:

எழுதுங்கள் அம்மா. அதோடு குழாய்களையும் சேர்த்துக் கேட்போம். சங்கமத்துறைக்குப் பக்கத்தில் வரிசையாக நன்னீர்க் குழாய்கள், பெண்கள் உடை மாற்ற மறைப்பு, அமாவாசைகளில் முகத்துவாரத்துக்குக் குறுக்கே மிதவைக் கயிறு. இதைச் சுற்றுலா வசதி என்று கேட்டால் கோப்பில் தூங்கும். ஊரின் பழைய வழக்கத்தில் பாதி இல்லாமல் போய்விட்டது, அந்தப் பாதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்போம். பட்டினப்பாலை அடியையே மனுவின் முதல் வரியாகப் போடலாம்.

கட்டுமரம்:

ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் ஊரில் வைக்கச் சொல்கிறேன், பஞ்சாயத்தாரிடம் பேசியாகிவிட்டது. கயிறு மட்டும் முகத்துவாரத்துக்கு நேர் குறுக்கே போட வேண்டாம், படகு வருகிற வழி. தெற்கே கொஞ்சம் தள்ளி, தரை சரிவாக இருக்கிற இடத்தில் குளிக்கும் துறையை வைத்துக்கொள்ளலாம். எந்த இடம் என்று அந்த வாரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். மனுவை எழுதியதும் இங்கேயே போடுங்கள், அப்பாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குகிறேன்.